மடலேறி வந்த மாப்பிள்ளை

சாகத் துணிந்தவன் என்பது எங்கள் ஓசூரில் இன்னும் ஒரு தகுதி. நிரந்தர வேலை, சொந்த வீடு, குடிப்பழக்கம் இல்லாமை இவற்றோடு சேர்த்துச் சொல்லப்படுகிற தகுதி. “பையன் அவ மேல உசுரையே வச்சிருக்கான்” என்று ஒரு தாய் சொன்னால், கேட்கிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்பவர் குறைவு. கேட்டாலும், “போகப் போக சரியாயிடும்” என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது.

போகப் போக என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பித்துப் பிடித்து அலைந்து, கிடைக்காமல் போனவர்களைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. 2012 நவம்பரில் காரைக்காலில் ஓர் இளம் பொறியாளர் மீது அமிலம் வீசப்பட்டது. கண்பார்வை போய், மூன்று மாதம் கிடந்து இறந்தார். 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயிலின் முன் தள்ளப்பட்டார். இவற்றை நாடே பார்த்து நடுங்கியது. ஆனால் கெஞ்சி, மிரட்டி, அழுது, கடைசியில் கேட்டதைப் பெற்றுவிட்டவர்களின் வீட்டுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே எஃப்.ஐ.ஆர். கிடையாது. சுவரில் மாட்டிய கல்யாண போட்டோதான் இருக்கும்.

என் வீட்டு மாடியில் நான்கு அறைகள், லைன் வீடுகளாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். மூக்கண்டப்பள்ளி, சின்ன எலசகிரி பக்கம் பாதி வீடுகள் இப்படித்தான். சிப்காட் வந்த எழுபதுகளிலிருந்தே இந்த ஊர் வெளியூர்ப் பிள்ளைகளை வைத்துத்தான் வளர்ந்தது. லேலண்ட், டி.வி.எஸ்., பிறகு டைட்டன். டைட்டன் தொடங்கிய காலத்தில் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளை எடுத்து, வளர்ப்புப் பெற்றோர் என்று குடும்பங்களை அமைத்து அவர்களோடு தங்க வைத்தார்கள். சம்பளம் மட்டும் போதாது, இரவு வீடு திரும்பும்போது சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கோ தோன்றியிருக்கிறது. இன்றைக்கு வேலையும் ஆட்களும் பல மடங்கு. கெலமங்கலம் சாலையில் செல்போன் பாகங்கள் செய்யும் ஆலைக்குள் ஆயிரக்கணக்கில் பெண் பிள்ளைகள். போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர் ஆலையைப் பத்தாயிரம் பெண்களைக் கொண்டே நடத்தப்போவதாக 2021இல் ஓலா அறிவித்தது. தர்மபுரி, அரூர், திருவண்ணாமலை, அப்புறம் ஜார்கண்ட், ஒடிசா. இருபது வயது, முதல் சம்பளம், கையில் போன், சுற்றிலும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த அந்நியக் கூட்டம். இந்தத் தனிமையில் ஒரு முகம் சிரித்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் வாழ முடியும். எத்தனையோ நல்ல காதல்கள் இங்கே அப்படித் தொடங்கி, பிள்ளை குட்டியோடு நலமாக இருக்கின்றன. சில அந்த முகத்திலேயே நின்றுவிடுகின்றன.

மாடியில் தங்கியிருந்த ஒரு பெண் அரூர்ப் பக்கத்துக்காரி. ஒயரிங் பிரிவில் வேலை. பின் தெருவில் அறை எடுத்திருந்த பையனுக்கு ஊத்தங்கரைப் பக்கம். வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சி.என்.சி. ஆப்பரேட்டர். ஒருநாள் பேக்கரியில் அவன் விட்டுப்போன ஐ.டி. கார்டை அவள் ஓடிவந்து கொடுத்தாள். நடந்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் எந்த ஷிஃப்ட்டோ அந்த ஷிஃப்ட்டுக்கு அவனும் மாற்றிக்கொண்டான். காலை ஷிஃப்ட் பஸ் ஐந்தேகாலுக்கு வரும். மார்கழிப் பனியில் தர்கா ஸ்டாப் எதிரே டீக்கடையில் நிற்பான். அவள் ஸ்டாப்பை மாற்றினாள், அவனும் டீக்கடையை மாற்றினான். நம்பரை பிளாக் செய்தாள், வேறு சிம்மிலிருந்து மெசேஜ் வந்தது. அதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இருக்காது. சாப்டியா, தூங்கிட்டியா, இன்னிக்கி பச்சை சுடிதார் நல்லா இருந்துச்சு. பதில் வராத அந்தப் பேச்சிலேயே அவன் சந்தோஷமாக இருந்தான்.

அவள் மகளிர் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். “அப்பாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே பொட்டியக் கட்டிட்டு வான்னுடுவாருக்கா. வேலை போயிடும்.” 2013இல் பின்தொடர்வதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவு. விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதே குற்றம், கை வைத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பிரிவை எழுதியவர்களுக்கு எங்கள் மாடிப் பெண்ணின் கணக்கு தெரிந்திருக்காது. புகார் கொடுத்தால் முதலில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவது அவள்தான்.

பிறகு அவன் எலி மருந்து தின்றான். ஓசூரிலிருந்து தர்மபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். அவன் அம்மா என் வீட்டு வாசலில், எல்லார் முன்னாலும், அந்தப் பெண்ணின் காலில் விழுந்தார். இரண்டு பக்கமும் பெரியவர்கள் வந்தார்கள். ஒரே சாதிதான். பையன் குடிப்பதில்லை. நல்ல சம்பளம். “உங்க பொண்ணால ஒரு உசுரு போயிடக் கூடாது பாருங்க.” அவள் அப்பாவிடம் நான் பேசிப் பார்த்தேன். “நீங்க வீடு வாடகைக்கு விட்டவங்கம்மா” என்றார், மரியாதையாகத்தான். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அவள் என்னிடம் சொன்னாள்: “வேண்டாம்னு சொன்னா நான்தான் கொலகாரிங்கற மாதிரி ஆயிடுதுக்கா.” சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலில் கல்யாணம். தாலி கட்டும்போது அவன் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து என் பக்கத்தில் நின்ற பெண்களும் அழுதார்கள்.

நம் இலக்கியத்தில் இந்தப் பையனுக்கு ஒரு முன்னோடி உண்டு. பனங்கருக்கால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டு, அவள் உருவம் எழுதிய கிழியைக் கையில் ஏந்தி, மடல் அறுத்து ரத்தம் வழியத் தெருவில் வருபவன். இழுத்துப் போவது சிறுவர்கள், வேடிக்கை பார்ப்பது ஊர். மடலேறுதலைக் காதலின் உச்சம் என்று நம் மேடைகளில் சிலாகித்துக் கேட்டிருக்கிறேன். தொல்காப்பியம் அப்படிச் சிலாகிக்கவில்லை. ‘மடலேறுவேன்’ என்று சொல்வது வரைதான் அன்பின் எல்லை. ஏறியே விட்டால் அது பெருந்திணை, அன்பின் ஐந்திணைக்கு வெளியே. இன்னொரு ஓரத்தில் கைக்கிளை. காமம் அறியும் வயது வராதவளிடம் ஒருவன் பேசுகிறான், மறுமொழி இல்லை, தான் பேசியதிலேயே மகிழ்கிறான். இரவில் ‘சாப்டியா’ என்று வேறு சிம்மிலிருந்து அனுப்பியவனை அந்த இலக்கணக்காரர் எங்கோ பார்த்திருக்கிறார். இவற்றை அவர் பாடக்கூடாது என்று விலக்கவில்லை. பாடலாம், நடுவில் வைக்கக் கூடாது என்று இரண்டு ஓரங்களில் வைத்தார். நாம்தான் அதைத் தூக்கி நடுவில் வைத்தோம்.

நெய்தற் கலியில் ஒரு மடல் பாட்டு எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவன் மடல்மா ஏறி வந்து தெருவில் பாடுகிறான். கேட்ட அவளுடைய சுற்றத்தார், போரில் வல்ல பாண்டியனுக்குப் பகைவர் திறை கொடுப்பதைப் போல, அவளைக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே பாட்டு முடிகிறது. திறை! அன்பாக யாரும் திறை செலுத்தியதில்லை. அதற்கு மேல் இழப்பு வேண்டாம் என்று தோற்றவர் கட்டுவது அது. புலவர் தெரிந்தேதான் அந்த உவமையை வைத்திருப்பார் என்று நம்புகிறேன். நம் பழைய சினிமாக்களும் இந்த இடத்தில்தான் ‘சுபம்’ என்று போட்டார்கள். திறையாக வந்தவள் மறுநாள் காலை எழுந்து என்ன செய்தாள் என்பது பாட்டிலும் இல்லை, படத்திலும் இல்லை.

எங்கள் தெருவில் அது நடந்ததால் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்தார்கள். ஆரம்பத்தில் அவளும் மனதைத் தேற்றிக்கொண்டு நன்றாகவே இருந்தாள். அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் தினமும் இரவில் ஒரு கேள்வி கேட்பான்: “உனக்கு என்னைப் பிடிச்சிருக்கா?” ஆமாம் என்றால் பொய் என்பான். பேசாமல் இருந்தால் அழுவான். அவள் என்ன பதில் சொன்னாலும் அவனால் நம்ப முடியவில்லை, ஏனென்றால் அந்தச் சம்மதம் எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து வாங்கிய சம்மதம் அது. தானாகக் கனிந்து சொன்னவளைத்தான் நம்ப முடியும். அவள் ஒருநாளாவது தானாகச் சொல்வதற்கான வழியை அவனே அடைத்துவிட்டான். அதன் பிறகு மிஞ்சுவது காவல்தான். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தது? ஓ.டி. என்கிறாயே, சூப்பர்வைசர் யார்? கல்யாணத்துக்கு முன் பஸ் ஸ்டாப்பில் நின்ற அதே ஆள், கல்யாணத்துக்குப் பின் கம்பெனி கேட்டில் நின்றான். அடுத்த தீபாவளிக்கு முன்பே வேலையை விட வைத்துவிட்டான்.

ஒருநாள் அவள் என் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. அவன் போனில் ஒரு தனி ஃபோல்டர். எல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் தூரத்திலிருந்து எடுத்த படங்கள். பஸ் ஜன்னலில் பாதி முகம், நடந்து போகும்போது முதுகு, கழுத்தில் தொங்கும் கம்பெனி டேக், பச்சை சுடிதார். வேலை முடிந்து வந்தால் வராந்தாவில் உட்கார்ந்து அதைத்தான் தள்ளித் தள்ளிப் பார்ப்பானாம். “உள்ள நான் சமைச்சிட்டு இருக்கேன்க்கா. அவரு வெளிய உக்காந்து என் பழைய போட்டோவப் பாத்துட்டு இருக்காரு.”

அவள் நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டவள் என்பது அவனுக்குத் தெரியாது. வீட்டில் அவள் பாட்டியோடு தெலுங்குதான் பேசுவாள் என்பதும் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. தெரிந்தபோது அவனுக்கு அதிர்ச்சி. தன்னிடம் மறைத்துவிட்டாள் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஐந்தேகால் மணிப் பனியில் அவன் உருவாக்கி வைத்திருந்த பெண் வேறு. சமையலறையில் இருந்தவளால் எவ்வளவு முயன்றாலும் அவளாக ஆக முடியாது. வராந்தாவில் அவன் தேடியது அந்த முதல் பெண்ணை. அவளை அடைய அவனுக்குத் தடையாக இப்போது இருப்பது இந்த இரண்டாவது பெண்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் என்ற நரம்பியல் அறிஞர் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வுகளில் ஒன்றைக் கண்டார். ஒன்றை வேண்டும் வேண்டும் என்று துடிப்பதும், கிடைத்ததை ருசித்து மகிழ்வதும் மூளையில் ஒரே வேலை அல்ல. டோபமின் துடிப்பைத் தூண்டுகிறது. மகிழ்ச்சி வேறு வழியில் வருகிறது. ஆகவே ருசி கொஞ்சமும் இல்லாமல் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போக முடியும். போதைக்கு அடிமையானவர்களிடம் நடப்பது அது. 2010இல் ஹெலன் ஃபிஷரும் அவருடன் இருந்தவர்களும், காதலில் கைவிடப்பட்டும் மறக்க முடியாத பதினைந்து பேரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, கோகெய்ன் ஏக்கத்தோடு தொடர்புடைய பகுதிகள் அவர்களிடம் வேலை செய்வதைக் கண்டார்கள். அதற்கும் முன்பே, 1979இல், டாரத்தி டென்னவ் என்ற உளவியலாளர் இந்தப் பித்தை விரிவாக எழுதினார். அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது இது: அந்தப் பித்துக்குத் தீனி, நம்பிக்கையும் சந்தேகமும் கலந்த நிலை. கிடைத்துவிடுமோ, கிடைக்காதோ. அந்தத் தீனி நின்றால் பித்து வாடும். சரி, கிடைத்துவிட்டால் வாடித்தானே போக வேண்டும்? இரண்டு பேருமே விரும்பிச் சேர்ந்திருந்தால் பித்து வடிந்து, அந்த இடத்தில் சாதாரணப் பாசம் வந்து உட்காரும். எங்கள் தெருப் பையன் விஷயத்தில் சந்தேகம் தீரவே வழியில்லை. எனவே பித்தும் தீரவில்லை. ஒவ்வொரு இரவும் அவன் அந்தப் பழைய டீக்கடை வாசலுக்கே திரும்பிப் போனான்.

அவனை நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது. உண்மையாகச் சொல்கிறேன், அவன் கெட்டவன் இல்லை. தூக்கம் போய், எடை குறைந்து, மெஷினில் கை மாட்டப் பார்த்து, மெமோ வாங்கி, ஆள் பாதியாகிவிட்டான். எலி மருந்து தின்ற அன்றைக்கே அவனுக்குத் தேவைப்பட்டது மனநல மருத்துவர். எல்லாரும் சேர்ந்து மருந்துக்குப் பதிலாக ஒரு பெண்ணைக் கொடுத்தார்கள். எந்தப் பெண்ணும் மருந்தாக முடியாது. நோயோடு சேர்த்து அவளையும் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டியதுதான் மிச்சம்.

இந்த மாவட்டத்தில் அவள் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று யோசித்தால் இரண்டு சம்பவங்கள் எப்போதும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. 2018 நவம்பரில், ஓசூருக்குப் பக்கத்தில் சூடுகொண்டபள்ளியைச் சேர்ந்த ஒரு பையனும் பெண்ணும். வேறு வேறு சாதி. இருவரும் விரும்பி, தாங்களே மணந்து, ஓசூரில் குடித்தனம் நடத்தினார்கள். அவர்களைக் கடத்திக்கொண்டு போய்க் கொன்று, எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் காவிரியில் வீசினார்கள். பெண்ணின் அப்பாவும் உறவினர்களும் கைதானார்கள். அந்தப் பெண் ‘வேண்டும்’ என்று சொன்னவள். 2025 மார்ச்சில் அஞ்செட்டி அருகே மலைக்கிராமத்துச் சிறுமி. வயது 14. இருபத்தொன்பது வயது ஆளுக்குப் பெங்களூரில் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். ஊர் திரும்பியவள் அவனோடு போகமாட்டேன் என்று கதறக் கதற, தூக்கிக்கொண்டு போன காட்சி எல்லார் போனிலும் வந்தது. அதன் பிறகே வழக்கு, அவன் கைது, சிறுமியின் தாயும் கைது. இவள் ‘வேண்டாம்’ என்று சொன்னவள். வேண்டும் என்றவளையும் கேட்கவில்லை, வேண்டாம் என்றவளையும் கேட்கவில்லை. எங்கள் மாடிப் பெண்ணின் கதையில் கொலை இல்லை, கதறல் இல்லை, வயதும் சட்டப்படி சரியாக இருந்தது. ஆனால் மூன்றிலும் பெண்ணின் வாயிலிருந்து வந்த சொல் கணக்கில் சேரவில்லை. அது சேராத இடத்தில், சாகிறேன் என்ற சொல்லுக்கு எல்லா பலமும் வந்துவிடுகிறது. மடலேறியவனுக்கும் ஊர்தான் ஆயுதம். அவன் ரத்தத்தைப் பார்த்து ஊர் இரங்க வேண்டும், அந்த இரக்கம் அவள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அந்த இரக்கம் இல்லையென்றால் பனங்கருக்கில் ஏறி அவன் என்ன செய்ய முடியும்?

ஒரு கட்டத்தில் அவள் கிளம்பிவிட்டாள். பையோடு என் வீட்டுக்குத்தான் வந்தாள். நான் 181 மகளிர் உதவி எண்ணுக்குப் பேசினேன். அவள் அப்பாவே வந்தார், இந்த முறை என்னிடம் உட்கார்ந்து பேசினார். பிறகு கோர்ட்டில் பரஸ்பர சம்மதம் என்று எழுதிப் பிரிந்தார்கள். அதற்கும் அவன் எளிதில் சம்மதிக்கவில்லை. அவன் அண்ணன் ஒருவர் நல்ல மனிதர், கூடவே இருந்து கையெழுத்துப் போட வைத்தார். அவள் இப்போது அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவில் வேலை செய்கிறாள். கன்னடம் நன்றாக வந்துவிட்டது என்றாள். நர்ஸிங் சேர வயது தாண்டிவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

அவன் அம்மா வேறு பெண் பார்க்கிறார். கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே கூட்டிப் போங்கள், நானும் வருகிறேன் என்று அவரிடம் பலமுறை சொல்லியாயிற்று. “என் புள்ளைக்கு என்ன பைத்தியமா?” என்று கேட்டார். போன மாதம் காவேரிப்பட்டணம் பக்கமிருந்து ஒரு பெண்ணின் சித்தப்பாவும் அத்தையும் வந்தார்கள். மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறதே. “பையன் எப்படிங்க? மொதப் பொண்ணுதான் சரியில்லைன்னு சொன்னாங்க” என்றார் சித்தப்பா. தெருவில் மற்ற வீடுகளில் தங்கமான பையன் என்று சொல்லியிருந்தார்கள். உட்கார வைத்து டீ கொடுத்து, பேக்கரியில் விட்டுப்போன ஐ.டி. கார்டிலிருந்து கோர்ட் வரை நான் அறிந்ததைச் சொன்னேன். குடிக்க மாட்டான் என்பதையும் சொன்னேன். அத்தை வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதையெல்லாம் பொண்ணுகிட்ட சொல்லலாமாங்க?” என்றார். அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றேன். அவன் அம்மா இப்போது என்னோடு பேசுவதில்லை.